மூன்று வாரம் போதும்

கனடாவின் தென் ஒன்டாரியோவில் ஏப்ரல் மாதம் நல்ல வெயில் அடித்தாலும் மண் குளிர்ந்தே கிடக்கும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த ஈர மண்ணில் போட்ட பரங்கி விதை முளைக்காமல் அழுகிப்போகும். அதே விதை 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். டொரொண்டோ வட்டாரத்தில் உறைபனி மே மாதத்தில்தான் விலகுகிறது. அக்டோபரில் திரும்பி வந்துவிடுகிறது. பரங்கியில் பல ரகங்கள் காய் முற்ற 90 முதல் 120 நாள் எடுத்துக்கொள்பவை. நம் ஊரில் பட்டம் பார்த்துக் குழியில் நாலு விதை ஊன்றிவிட்டால் தானே ஓடிக்கொள்ளும் கொடியை அங்கே வீட்டுக்குள் தொட்டியில் தொடங்குவது இந்த நாள்கணக்கால்தான். எத்தனை நாள் உள்ளே வைத்திருப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தக்காளியையும் மிளகாயையும் ஆறு, எட்டு வாரம் வளர்த்து நடுகிறோமே, பரங்கிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். தக்காளி வேர் அறுந்தாலும் தேறிக்கொள்ளும். புதைந்த தண்டிலிருந்தே புது வேர் விடும். பரங்கியும் கணுவுக்குக் கணு வேர் விடக்கூடியதுதான், ஆனால் அது கொடி ஓடத் தொடங்கிய பிறகு. இளம் பருவத்தில் அதற்கு இருப்பது முதல் வேர்க்கொத்து ஒன்றுதான். விதை பெரியது, உள்ளே சேமித்த உணவும் அதிகம். அதனால் முளைத்த சில நாளிலேயே வேர் சிறு தொட்டியின் அடியைத் தொட்டுவிடும். அதற்கு மேலும் வைத்திருந்தால் வேர் வட்டமடிக்கும், இலை வெளுக்கும், சன்னலோர வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு துவளும். அகன்ற இலைகள் நீரை வேகமாக ஆவியாக்க, கலைந்த வேர் ஈடுகொடுக்க முடியாமல், நட்ட செடி பல நாள் அப்படியே நின்றுவிடும். இரண்டு இலையோடு நட்ட சிறு செடி அதற்குள் அதை முந்திவிடும்.

ராட்சதப் பரங்கி வளர்ப்பவர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். நோவா ஸ்கோஷியாவின் ஹவர்ட் டில் உருவாக்கிய 'அட்லான்டிக் ஜயன்ட்' வழிவந்த விதைகளைத்தான் அவர்கள் போடுகிறார்கள். 2023-இல் மினசோட்டாவின் டிராவிஸ் கிங்கர் போட்டிக்குக் கொண்டுவந்த காய் 1,247 கிலோ இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பெரிது. ஆனாலும் நாற்றை உள்ளே வைத்து முதிரவிடுவதில்லை. சிறிதாக இருக்கும்போதே வெளியே நட்டு, மேலே பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, மண்ணைச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் ஜூனில் நேரே மண்ணிலேயே ஊன்றலாமே? குறுகிய கால ரகத்துக்கு அது சரிதான். அதை மறுக்க மாட்டேன். நெடுநாள் ரகத்துக்கோ அந்த இரண்டு மூன்று வாரம்தான் முற்றிய காய்க்கும் பிஞ்சுக்கும் உள்ள வித்தியாசம். எலியும் அணிலும் விதையைத் தோண்டித் தின்பதும் உண்டு.

விதையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் தட்டையாகப் படுக்கவைப்பது நல்லது. முளைக்கும்போது வேரும் தண்டும் சேருமிடத்தின் அடிப்பக்கம் சிறு கொக்கி ஒன்று எழுந்து விதைத்தோலின் கீழ்ப்பாதியை அழுத்திப் பிடிக்கும். மேலே எழும் தண்டு வித்திலைகளை உருவி எடுத்துக்கொள்ளும். டார்வின் 1880-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார். 1998-இல் விண்வெளி ஓடத்தில், பரங்கியின் குடும்பமான வெள்ளரியின் விதைகளை முளைக்கவிட்டபோது, கீழ் என்று ஒரு திசை இல்லாததால் இரு பக்கமும் கொக்கி எழுந்தது. மண்ணின் எடையும் தோலைக் கழற்ற உதவுகிறது. மேலாக ஊன்றினால் தோல் தலையிலேயே மாட்டிக்கொள்ளும்.

முளைக்கும்வரை அடியில் சூடு வேண்டும். முளைத்தபின் சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். மக்கும் தொட்டியானால் அதோடேயே நடலாம், விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியாதபடி; தெரிந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். கடைசி ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். ஆக, மே கடைசி வாரத்தில் நடுவதென்றால் விதையை ஊன்ற வேண்டியது மே முதல் வாரத்தில். மார்ச்சிலேயே கைபரபரப்பவர்கள் அதுவரை தக்காளியைக் கவனிக்கட்டும்.