புது டி.வி.யும் கடைமடைத் தண்ணீரும்

புடவை எடுக்கப் போனால் கடையின் விளக்கை மட்டும் நம்பாமல், வாசல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்போம் இல்லையா? உள்ளே மயில்கழுத்து நிறமாக மின்னியது வெளியே வெறும் பச்சையாக இருக்கும். இந்தச் சாமர்த்தியம் நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிடுகிறது. ஆனால் புடவையைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிற டி.வி.யை மட்டும், கடையில் தெரிந்த மாதிரியே வீட்டிலும் தெரியும் என்று நம்பிச் சுவரில் மாட்டிவிடுகிறோம். அப்புறம், "என்னமோ கடையில பார்த்த மாதிரி இல்லையே" என்று நாளெல்லாம் ஒரு குறை.

எங்கள் வீட்டுக்குப் புது டி.வி. வந்ததற்குக் காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி பக்கம் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை மீறி, ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையையும் அத்தையையும் (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) மாடிக்கு ஏற்றவே நேரம் சரியாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால், பழைய டி.வி. முழுக்கச் சேறு.

நாலு மாதம் டி.வி. இல்லாமல் ஓட்டினோம். எனக்கும் அவுகளுக்கும் அது ஒன்றும் பெரிதில்லை. அத்தைக்குத்தான் கஷ்டம். வயது 74. மூட்டு வலியால் தெருமுனை வரைகூடப் போக முடியாது. நெல்லையப்பர் ஆனித் தேரானாலும் சரி, மார்கழிக் கச்சேரியானாலும் சரி, அவருக்கு எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான். ஆகவே சித்திரையில் சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், 43 அங்குல எச்.டி. டி.வி. ஒன்று வாங்கினோம். சீட்டுப் பணத்தில் வாங்கிய பொருள் அல்லவா? அதிலிருந்து முழுப் பலனையும் எடுத்தே தீருவது என்று, பிளஸ் டூ வரை மட்டுமே படித்த நான் கூடவே வந்த சின்னப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் சிறுவயதில் எங்கள் ஊர் திருச்செந்தூர்க் கடற்கரைப் பக்கம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிவிட்டாலும் அந்தப் படம் எங்கள் பக்கம் எட்டாது. 1982-ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினிதான் கடல் தாண்டி எங்களுக்கு வரும். அதற்கு மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா. அப்பா மேலே நின்று திருப்ப, நான் ஜன்னலில் நின்று, "இப்ப தெரியுதா?", "இல்லப்பா, புள்ளி புள்ளியா வருது" என்று அஞ்சல் செய்வேன். அப்போதே புரிந்துபோன விஷயம் ஒன்று உண்டு. படம் நன்றாகத் தெரிவது பெட்டியின் கையில் மட்டும் இல்லை. அது வந்து சேருகிற வழியிலும் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாபநாசம் அணை 143 அடியும் நிறைந்து வழியட்டும். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிற நெல்லைக் கால்வாயில் நடுவே எங்காவது அடைப்பு இருந்தால் கடைமடை வயலுக்கு என்ன வரும்? டி.வி.யிலும் அப்படித்தான். சானல், பெட்டி, வயர், டி.வி.யின் அமைப்பு, அறை, கண் என்று ஆறு மடைகள். எந்த மடை அடைத்திருக்கிறதோ அங்கேயே தெளிவு நின்றுவிடும்.

முதல் மடை, சானல். பழைய முறைப் படத்தில் உள்ள புள்ளிகள் சுமார் 4 லட்சம். முழு எச்.டி. திரையில் இருப்பதோ 1,920 பெருக்கல் 1,080, அதாவது ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். சாதாரண சானலை எச்.டி. டி.வி.யில் போட்டால், நாலு பேருக்கு வைத்த சாம்பாரைத் தண்ணீர் ஊற்றி இருபது பேருக்குப் பரிமாறுவது போல, இருக்கிற புள்ளிகளையே டி.வி. இழுத்துப் பரப்பும். முகம் எல்லாம் மொழுமொழுவென்று தெரிவது அதனால்தான். நம் தமிழ் சானல்கள் பலவற்றுக்கும் சாதாரணம், எச்.டி. என இரண்டு வடிவம் உண்டு. கேபிள்காரரிடம் கேட்டு, வீட்டில் அதிகம் பார்க்கிற இரண்டு மூன்றை மட்டும் எச்.டி.யாக மாற்றிக்கொண்டால் போதும். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது மடை, செட் டாப் பாக்ஸ். எச்.டி. சானல் வாங்கினாலும் பெட்டி பழைய வகை என்றால் பயனில்லை. எச்.டி. பெட்டியே இருந்தாலும், அதன் மெனுவில் படத் தெளிவு என்ற இடத்தில் 576, 720, 1080 என்று எண்கள் இருக்கும். 576-ல் நின்றால் பழைய படம்தான் வரும். 1080-க்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள பழைய வயரில் எச்.டி. படம் வரவே வராது. தட்டையான முனை உள்ள எச்.டி.எம்.ஐ. வயர்தான் வேண்டும். "தங்க முலாம் பூசியது" என்று ஆயிரக்கணக்கில் விலை சொன்னால் மயங்காதீர்கள். ஆறடி நீளத்துக்குச் சாதாரணமான நல்ல வயரும் அதே படத்தைத்தான் கொண்டு வரும்.

நாலாவது மடையில்தான் நம் கைவரிசை! கடையில் நாற்பது டி.வி.களுக்கு நடுவே கண்ணைப் பறிக்க வேண்டும் என்று 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்கிற பளீர் முறையில் வைத்திருப்பார்கள். அதில் வெள்ளை நீலம் பூத்திருக்கும். சிவப்பு ரத்தமாக வழியும். நம் வீட்டுக் கூடத்துக்கு அது ஆகாது. படத்துக்கான மெனுவில் 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' முறைக்கு மாற்றுங்கள். முதலில் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். நீல வெள்ளைக்குப் பழகிய கண் அல்லவா? இரண்டு நாள் பொறுத்தால் முகங்கள் முகங்களாகவே தெரியும்.

அப்புறம் நுணுக்கம். பிரைட்னஸ் என்பது கறுப்புக்கு. இரவுக் காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து, நடிகையின் கூந்தலைப் பாருங்கள். ஒரே கறுப்பு அப்பமாகத் தெரிந்தால் சற்றுக் கூட்டவும். சாம்பல் பூத்தால் குறைக்கவும். கான்ட்ராஸ்ட் என்பது வெள்ளைக்கு. வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரிகிற வரை வைத்துக்கொள்ளுங்கள். கலருக்கு வாழை இலை போட்ட பந்தியைவிட நல்ல பரீட்சை கிடையாது. இலையின் பச்சை நம் கொல்லை வாழை மாதிரி இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த மாதிரி இருக்கக் கூடாது. ஷார்ப்னஸைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையான தெளிவு இல்லை. உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரைகிற வேலை. எழுத்தைச் சுற்றி அந்தக் கோடு மறைகிற வரை குறைத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று. சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. டி.வி. நடுவே தானாகவே படங்களைச் சேர்த்து வழவழப்பாக்கும் வசதி ஒன்று உண்டு. கம்பெனிக்கு ஒரு பெயர். அது இருந்தால் பெரிய படங்கள்கூட மெகா சீரியல் மாதிரி தெரியும். அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அடுத்து, செய்தியின் அடிவரி பாதி வெட்டுப்பட்டால், படத்தின் அளவைத் திரைக்குப் பொருந்தும் முறைக்கு மாற்றினால் ஓரம் முழுதும் வந்துவிடும். மின்சாரச் சிக்கனம் என்ற அமைப்பு இருந்தால் படம் தானாக மங்கும். பகலில் அதை எடுத்துவிட்டு, இரவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியானதும் எண்களை மளிகைக் கணக்கு நோட்டிலேயே எழுதி வையுங்கள். லீவுக்கு வரும் பிள்ளைகள் ரிமோட்டைக் குடைந்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் பழையபடி ஆக்கிவிடலாம்.

ஐந்தாவது மடை, அறை. டி.வி.க்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால், நாம் பார்ப்பது பாதி படம், பாதி தெரு. இடம் மாற்ற முடியாவிட்டால் கனமான திரைச்சீலை போடுங்கள். சாமி படம் போலச் சுவரின் உச்சியில் மாட்டாதீர்கள். கழுத்தும் வலிக்கும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பல டி.வி.களில் நிறமும் வெளிறும். உட்கார்ந்தால் கண்ணின் உயரத்துக்குத் திரையின் நடுப்பகுதி வர வேண்டும். 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி முதல் ஏழு எட்டு அடி வரை தூரம் நன்றாக இருக்கும். இரவில் விளக்கை எல்லாம் அணைக்காமல், டி.வி.க்குப் பின்னால் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், கண்ணுக்கு இதம். துடைக்க மெல்லிய உலர்ந்த துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் தெளிக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து முடித்தபோது படம் பொதிகை மலை அருவி மாதிரி இருந்தது. அவுகளே, "கடைக்காரன் காட்டினதைவிட நல்லாருக்கு" என்றார்கள். அத்தைக்கு மட்டும் திருப்தி இல்லை.

"ஏளா, புகை மண்டுன மாதிரில்லா இருக்கு. எழுத்தைச் சுத்தி வெளிச்சம் வேற பரந்துக்கிட்டுப் போவுது. பழைய டி.வி.யே தேவல" என்றார்.

வாரத்துக்கு ஒரு தடவை இதே பேச்சு. கோவையில் படிக்கும் மகன் லீவில் வந்து, "ஆச்சிக்காக" என்று பளீர் முறைக்கே திருப்பினான். அதற்கும், "கண்ணு கூசுது" என்றார். எங்கள் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிகிற படம் ஒருவருக்கு மட்டும் புகையாகத் தெரிந்தால், அடைப்பு டி.வி.யில் இருக்க முடியாதே என்று எனக்குப் பட்டது. சத்தம் போடாமல் இரண்டு மூன்று நாள் கவனித்தேன். கொடியில் காய்ந்த கருநீலப் புடவையைக் கறுப்பு என்றார். சாமி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றார். அரிசியில் கல் பொறுக்குவதையும் எப்போதோ விட்டிருந்தார்.

"எழுபத்து நாலு வயசுல அப்படித்தான் இருக்கும்" என்று அவுக சொன்னார்கள். அப்படியே விட எனக்கு மனசில்லை. மறுநாளே ஆட்டோ பிடித்து நகரின் கண் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் கண்புரை! கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மங்கி, மஞ்சள் பூத்துவிடுமாம். நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிவது, வெளிச்சம் பரவுவது, கூசுவது எல்லாம் அதன் அடையாளங்களே என்று டாக்டர் விளக்கினார். வலியே இல்லாமல் மெல்ல மெல்ல வருவதால், பெரியவர்கள் அதை வயதின் குறை என்றோ டி.வி.யின் குறை என்றோ நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு வசதிக் குறைவில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988 முதல் திருநெல்வேலியிலும் இருக்கிறது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கும் அறுவை சிகிச்சைக்கு, பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அத்தைக்கு முதலில் இடது கண், சில வாரம் கழித்து வலது கண். தலை குனியாமல், தண்ணீர் படாமல், வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முதல் கண் ஆறியதும் ஒரு சாயங்காலம் கச்சேரி பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏளா, அந்தப் பிள்ள கட்டியிருக்க சேலை இம்புட்டு நீலமா?" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, "நீ ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்க?" என்றார். டி.வி.யை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கண் கலங்கிவிட்டது.

வீட்டில் பெரியவர்கள், "படம் சரியில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், ரிமோட்டைத் தேடும்போதே அவர்கள் கண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை திரைக்குக் கிட்டே கிட்டே போய் உட்கார்ந்தாலும் அதட்டி விரட்டாமல், கிட்டப்பார்வை உண்டா என்று ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். நாமும் 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 வினாடி, 20 அடி தள்ளியுள்ள எதையாவது பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது நல்லது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் செலவு, புது டி.வி.யின் விலையில் மிகச் சிறு பங்குதான்.