இலவச ஆட்டங்கள்: சில அபிப்பிராயங்கள்

நண்பர் ஒருவரின் கவிதைப் பிரதி எட்டு மாதம் என் மேஜைமேல் கிடந்தது. படித்து அபிப்பிராயம் எழுதித் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். வாங்கிய வாரமே படித்துவிட்டேன். எழுதவில்லை. எழுதலாமென்று உட்கார்ந்த மாலைகளிலெல்லாம் கம்ப்யூட்டரில் ஏதாவது ஓர் ஆட்டத்தைத் திறந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அந்த ஆட்டங்களைப் பற்றியது. அந்தப் பிரதியைப் பற்றியதும்தான் என்பது எழுத ஆரம்பித்த பிறகே எனக்குத் தெரிந்தது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டக்காரன் அல்ல. விலை உயர்ந்த கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க ஆடுகிற கூட்டத்தோடு எனக்குச் சம்பந்தமில்லை. பிரௌஸரில் முகவரியைத் தட்டினால் வந்து நிற்கிற, காசும் கேட்காமல் பெயரும் கேட்காமல் ஆடவிடுகிற சின்ன ஆட்டங்கள் மட்டுமே எனக்குப் பழக்கம். பகல் முழுக்கப் பேங்க்கில் எண்களோடு மல்லாடிவிட்டு வந்து மறுபடியும் எண்களோடு விளையாடுவது என்ன ஓய்வு என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டத்தில் கணக்கு தப்பினால் யாரும் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து வவுச்சரைத் தேடச் சொல்வதில்லை.

கல்லூரியில் படித்த காலத்தில் பிரௌசிங் சென்டரில் இந்தப் பழக்கம் தொற்றியது. அப்போது எல்லாம் ஃபிளாஷ் ஆட்டங்கள். 2008இல் பென்னட் ஃபாடி செய்த 'க்வாப்' என்ற ஓட்டப்பந்தயம் நினைவிருக்கிறது. ஒரு வீரன் 100 மீட்டர் ஓட வேண்டும். அவனுடைய தொடைகளுக்கு இரண்டு விசை, கெண்டைக்கால்களுக்கு இரண்டு விசை. நாலு விரல்களால் அவனை நடக்கவைக்க வேண்டும். இரண்டு அடி வைப்பதற்குள் முகம் குப்புற விழுவான். நடப்பது என்கிற, யோசிக்காமலே நாம் செய்கிற காரியம் எவ்வளவு சிக்கலானது என்பதை அந்த வீரன் விழுந்து விழுந்து எனக்குக் காட்டினான். ஒரு வாக்கியத்தை எழுந்து நிற்கவைக்க முயன்றவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. ஆர்வலர்கள் சிலர் தாமாகச் சேகரித்துக் காப்பாற்றிய ஆட்டங்கள் பிழைத்தன. மற்றவை, பழைய சிற்றேடுகளைப் போல, வைத்திருந்தவர்களோடு போயின.

இந்த எட்டு மாதமும் என்னைப் பிடித்து வைத்திருந்தது '2048'. 16 கட்டங்கள். 2 அல்லது 4 என்று எழுதிய வில்லைகள். ஒரு திசையை அழுத்தினால் எல்லா வில்லைகளும் அந்தப் பக்கத்துச் சுவர்வரை வழுக்கிப் போகின்றன. ஒரே எண் கொண்ட இரண்டு மோதினால் ஒன்றாகி இரட்டிக்கின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் காலிக் கட்டம் ஒன்றில் புது வில்லை முளைக்கிறது. 2048 என்ற எண்ணை உண்டாக்கினால் வெற்றி. அதற்குள் கட்டங்கள் அடைத்துக்கொண்டால் தோல்வி. பெரிய எண்ணை ஒரு மூலையில் நிறுத்தி அங்கிருந்து நகரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். இது பிடிபட்ட பிறகு கை தானாக ஆடுகிறது. வெற்றி பெற்ற பின்னும் தொடர்ந்து ஆடலாம். நான் தொடர்ந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தார். ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் ஜன்னலை மூடுவதற்குள் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"சும்மா, ஒரு கேம்."

"யார் எழுதினது?"

கவிதையைக் கேட்கிற மாதிரியே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. முகவரி படித்துப் பழகிய கண் அவருடையது. "கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கே" என்றார். பக்கத்தைத் தள்ளிப் பார்த்தேன். செய்தவர் கேப்ரியேல் சிருல்லி என்றும், '1024' என்ற ஆட்டத்தை ஆதாரமாகக் கொண்டது என்றும், கருத்தளவில் ஆஷர் வோல்மரின் 'த்ரீஸ்' என்ற ஆட்டத்தை ஒத்தது என்றும் அங்கே ஒளிவுமறைவில்லாமல் போட்டிருந்தது. வருஷக்கணக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட நான் அடிவரை படிக்கவில்லை. கவிதைப் பிரதி எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் காபி குடித்தோம்.

அவர் போன பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் சுமார் 14 மாதம் உழைத்து 'த்ரீஸ்' ஆட்டத்தைச் செய்து 2014 பிப்ரவரியில் ஃபோனுக்காக விலைக்கு வெளியிட்டிருக்கிறார்கள். வில்லைகளைச் சதுரங்கக் காய்களாகவும், பட்டாளத்துச் சின்னங்களாகவும், சுஷிப் பண்டங்களாகவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் வெறும் எண்களுக்கே திரும்பியிருக்கிறார்கள். அடுத்த மாதமே, 19 வயது இத்தாலிய இளைஞரான சிருல்லி ஒரு சனி ஞாயிறில் '2048'ஐச் செய்து இலவசமாக வைத்தார். உலகம் அதைத்தான் ஆடியது. 'த்ரீஸ்'காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட நீண்ட கடிதங்களை மனம் நொந்து பிரசுரித்தார்கள். எதை எதை எழுதிப் பார்த்து அடித்தோம் என்று ஒரு கலைஞன் காட்டுகிற டிராஃப்டுகள் போலிருக்கின்றன அவை.

இந்த இடத்தில் எனக்குச் சங்கடம் ஏற்பட்டது. ஏனென்றால் நண்பரின் கவிதைகளைப் பற்றி நான் எழுதாமல் ஒத்திப்போட்டிருந்த ஒரே விஷயம், அவற்றில் பெரும்பாலானவை அவருக்கு முந்திய தலைமுறைக் கவிஞர் ஒருவரின் நகல்கள் என்பதுதான். நகலைக் கண்டால் சீறுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை. ஆனால் காசு கேட்கவில்லை என்பதால் ஒரு நகலோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையிடம் கேட்கிற கேள்வியை இலவசமாக வந்ததிடம் நான் கேட்கவில்லை.

விலை கொடுத்து 'த்ரீஸ்' வாங்கினேன். இங்கே 1, 2ஐ மட்டுமே சேரும், சேர்ந்தால் 3. அதன் பிறகுதான் சமமானவை சேர்ந்து இரட்டிக்கும். முக்கியமான வித்தியாசம் வேறு. ஒரு தடவை தள்ளினால் வில்லைகள் ஒரே ஒரு கட்டம்தான் நகர்கின்றன. சுவர்வரை வழுக்கிப் போவதில்லை. மூலைச் சூட்சுமத்தை வைத்துக்கொண்டு போய் முதல் சில நாட்கள் சீக்கிரம் சீக்கிரமாகத் தோற்றேன். ஒவ்வொரு நகர்த்தலும் ஒன்றைச் சரி செய்து இன்னொன்றைக் கெடுக்கிறது. கை தானாக ஆடவில்லை.

நகலைப் பற்றி இத்தனை காலம் பேசியும் நான் தெளிவாகச் சொல்லாத ஒன்று அப்போது எனக்குப் புலப்பட்டது. பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது என்பதல்ல நகலின் கோளாறு. மூலத்தில் எந்த இடத்தில் இறுக்கம் இருந்ததோ, அந்த இடத்தையே நகல் தளர்த்திவிடுகிறது. முதலில் செய்தவன் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவிடாமல் மாதக்கணக்கில் கட்டிக்காத்ததை, பின்னால் வருகிறவன் சுவர்வரை ஓடவிடுகிறான். ஓட்டம் சுகமாகத்தான் இருக்கிறது. என்னை எட்டு மாதம் வைத்திருந்தது அந்தச் சுகம்தான்.

சிருல்லிக்கு நியாயம் செய்ய வேண்டும். தனக்கு முந்தியவர்களின் பெயரை அவர் பக்கத்திலேயே போட்டார். புரோகிராமை யாரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்தார். நம் கவிஞர்களில் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? லகுவானதற்கும் உலகத்தில் இடம் உண்டு. ஆனால் இலவசமானது லகுவாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. 'க்வாப்' இலவசம்தான். 'வேர்டில்' இலவசம்தான். ஜோஷ் வார்டில் அதைத் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தார். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களை அந்தப் பெண் உட்கார்ந்து சலித்துச் சுமார் 2,500ஆகக் குறைத்திருக்கிறார். ஆறு தடவைக்குள் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே சொல். இன்னொன்று கேட்டால் நாளைக்கு வா என்கிறது. 2021 நவம்பர் 1ஆம் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு அந்த எண்ணிக்கை அந்நியமாகப் படாது. இரண்டு மாதத்தில் அவர்கள் மூன்று லட்சம் ஆனார்கள். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆனாலும் புதுச் சொல் ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்ற கட்டுப்பாடு போகவில்லை. எனக்கு வேறு வேலையும் இருக்கும் என்று நினைத்துச் செய்யப்பட்ட ஆட்டம் அது. அந்த வேலையை நான் செய்யவில்லை என்பது ஆட்டத்தின் குற்றமல்ல.

போன மாதம் நண்பருக்குக் கடிதம் எழுதினேன். நகல் என்ற வார்த்தையைப் போடவில்லை. தாட்சண்யத்தால் அல்ல, அது போதாத வார்த்தை என்று தோன்றியதால். உங்கள் முன்னோடி ஒரு வரியை ஒரு கட்டம் நகர்த்தப் பட்ட பாட்டை நீங்கள் படவில்லை, உங்கள் வரி சுவர்வரை வழுக்கிப் போய்விடுகிறது என்று எழுதினேன். இன்னின்ன கவிதைகளில் இன்னின்ன வரிகள் என்று அடையாளம் காட்டினேன். ராத்திரி ஷிப்டில் தபால் பிரிப்பதைப் பற்றி அவர் எழுதியிருந்த நாலு கவிதைகளில் மட்டும் இது நேரவில்லை. அவற்றுக்கு அவருக்கு முன்மாதிரி கிடைத்திருக்காது. அதையும் எழுதினேன். மற்றவற்றை எடுத்துவிட்டால் புத்தகம் ஆகாது, அந்த நாலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று முடித்தேன். எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் நகல் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. கடிதம் கிடைத்தது, வருத்தம்தான், யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தார். அடியில் சின்ன எழுத்தில், அந்த ஒரு கட்டம் நகர்கிற ஆட்டம் தன் ஃபோனில் வருமா என்று கேட்டிருந்தார். இந்தத் தடவை அடிவரை படித்தேன்.