ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆளுக்கொரு பூட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரை எல்லாரும் ஒரே பேர்ல, ஒரே பாஸ்வேர்டுல திறக்கறதை நிறுத்தணும்னு போன கூட்டத்துல சொன்னேன். ரெண்டு தம்பிங்க சிரிச்சாங்க. "அண்ணே, நம்ம கோயிலை யாரு வந்து ஹேக் பண்ணப் போறா?" அன்னைக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்குற வேலை இருந்துச்சு, பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதறேன்.

2018ல சிங்ஹெல்த்ல நடந்தது ஞாபகம் இருக்கா? 15 லட்சம் பேரோட பேரு, ஐசி நம்பர், வீட்டு விலாசம், பிறந்த தேதி எல்லாம் திருடு போச்சு. அப்ப பிரதமரா இருந்த திரு லீ சியன் லூங்கோட மருந்து விவரத்தைக்கூட விடல. விசாரணைக் குழுவோட அறிக்கை 2019 ஜனவரியில வந்துச்சு. உள்ள புகுந்தவங்க கெட்டிக்காரங்கதான். ஆனா அவங்க பயன்படுத்துன அக்கவுண்டுல ஒண்ணு, சர்வர்லயே இருந்த ஒரு லோக்கல் அட்மின் அக்கவுண்ட். அன்றாட வேலைக்கு யாரும் அதைத் தொடறதில்ல. அதோட பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'பாஸ்வேர்டு'ங்கற அதே இங்கிலீஷ் வார்த்தைதான். ஏ எழுத்துக்குப் பதிலா அட் குறி, ஓ எழுத்துக்குப் பதிலா சைபர். அவ்வளவுதான்.

இன்னொண்ணும் அந்த அறிக்கையில இருக்கு. யாரோ உள்ள நுழையப் பார்த்து முடியாம போனதை ஜூன் மாசமே சில ஊழியர்கள் கவனிச்சிருக்காங்க. ஆனா விஷயம் மேல போக ஜூலை ஆயிடுச்சு. தகவல் திருடு போனது ஜூன் 27லேர்ந்து ஜூலை 4க்குள்ள. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்ட ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விழுந்துச்சு.

சரி, அது பெரிய இடம். நம்ம கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. உபயம் செஞ்சவங்க பேரு, போன் நம்பர், புளோக் நம்பர், குடும்பத்துல எல்லாரோட ராசி நட்சத்திரம். பழைய ஃபைல்ல ஐசி நம்பர்கூட கிடக்கு. 2019 செப்டம்பர் 1லேர்ந்து சட்டப்படி தேவையில்லாம யாரோட ஐசி நம்பரும் வாங்கக்கூடாது, வச்சிருக்கவும் கூடாது. அதை முதல்ல அழிக்கணும்.

இப்ப ஹேக்கரை விடுங்க. என் மனசை அரிக்கறது வேற விஷயம். போன வருஷம் ஒரு வயசான அம்மாவுக்குப் போன் வந்துச்சு. பேசினவன் பேரப்பிள்ளைங்க பேரு, நட்சத்திரம் எல்லாம் சரியா சொல்லி, தோஷம் இருக்கு, பரிகாரத்துக்குக் காசு அனுப்புங்கன்னு கேட்டான். மகன் பக்கத்துல இருந்ததால தப்பிச்சாங்க. உடனே இங்க பேச்சு கிளம்பிடுச்சு, லிஸ்ட்டை யார் வெளிய கொடுத்தாங்கன்னு. கவுண்டர்ல அதிக நேரம் உக்காந்திருந்தவர் மேல எல்லார் கண்ணும் போச்சு. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், பதினோரு வருஷமா சேவை செஞ்சவர். கம்ப்யூட்டரைப் பார்த்தா எல்லா நாளும் ஒரே பேருதான் நுழைஞ்சிருக்கு. ஆறு பேர் பயன்படுத்துன பேரு அது. அவர் செஞ்சாருன்னும் காட்ட முடியல, செய்யலன்னும் காட்ட முடியல. யாரும் அவரை நேராக் கேக்கல. அவரா வர்றதை நிறுத்திட்டார். இது நமக்கு நல்லாவா இருக்கு?

நான் வேலை பார்க்கறது ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில. அங்க மெஷினை ரிப்பேருக்கு நிறுத்துனா, உள்ள கை வைக்கற ஒவ்வொருத்தரும் தன் பூட்டைப் போட்டு, தன் பேர் எழுதுன அட்டையை மாட்டணும். நாலு பேர்னா நாலு பூட்டு. ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் திறக்கக்கூடாது, சூப்பர்வைசர் நானா இருந்தாலும். புதுசா வர்ற பையன்கள் அலுத்துக்குவாங்க. கை போனா திரும்ப வராது தம்பின்னு சொல்லுவேன். நம்ம உண்டியலுக்கும் ரெண்டு பேர், ரெண்டு சாவி, கையெழுத்து நோட்டு எல்லாம் இருக்கே. கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் மானிட்டர்ல மஞ்சத் தாள்ல பாஸ்வேர்டு?

இன்னொரு பயம் சிலருக்கு இருக்கு. மறந்துட்டா என்ன செய்யறதுன்னு. லோக்கல் அக்கவுண்ட் அந்த ஒரு பெட்டிக்குள்ளயே இருக்கறது. வெளியேர்ந்து யாருக்கும் போன் போட்டுத் திறக்க முடியாது. அதனால அட்மின் அக்கவுண்ட் தனியா, செயலாளர் பொருளாளர் ரெண்டு பேர்கிட்ட மட்டும். அந்த பாஸ்வேர்டு ஒட்டுன உறையில, பெட்டகத்துக்குள்ள. நாம மறந்தா அவங்க புதுசா போட்டுத் தருவாங்க. விண்டோஸ் பாதுகாப்புக் கேள்வி கேக்கும், அதுக்கு உண்மையான பதிலைப் போடாதீங்க. பிறந்த ஊர் எதுன்னு கேக்கும். நம்ம ஆளுங்க முதல் தடவை பார்த்ததும் கேக்கறதே அதானே!

அப்புறம், தப்பு பாஸ்வேர்டு, அக்கவுண்ட் லாக் அப்படின்னு ஏதாவது திரையில வந்தா, மூடி வச்சுட்டுப் போயிடாதீங்க. குரூப்ல உடனே சொல்லுங்க.

கமிட்டி சரின்னு சொல்லியாச்சு. அந்த அண்ணனோட பேர்லயும் ஒரு அக்கவுண்ட் போட்டிருக்கேன், வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டும் வந்தேன். பார்க்கலாம்னார்.

ஞாயிறு சாயந்தர பூஜை முடிஞ்சதும் ஒன்பது மணி வரை ஆபீஸ்ல இருப்பேன். கவுண்டர்ல உக்கார்றவங்க ஒவ்வொருத்தரா வாங்க, அஞ்சு நிமிஷ வேலை. கண்ணாடி எடுத்துட்டு வாங்க. பாஸ்வேர்டை முன்னாடியே யோசிச்சுட்டு வாங்க, என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.