போன் சேமிப்பகம் படிக்க மறுக்கும்போது

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி வழியாக இணைத்த போனிலிருந்து படங்களை எடுக்கும்போது படிப்புப் பிழை வந்தால், சேமிப்பகம் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. கேபிள், போனின் பூட்டு, எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை, கார்டு என எதில் கோளாறு இருந்தாலும் திரையில் வரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது போனின் சார்ஜிங் பின். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் உப்புக்காற்று அதில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். சார்ஜ் ஏறும், தரவு மட்டும் அறுந்து அறுந்து வரும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டி-மெசேஜ் கட்டளையில் மைனஸ் 71, மைனஸ் 110 என்ற எண்கள் அடிக்கடி தென்பட்டால் கேபிளையும் பின்னையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில மலிவு கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது.

அடுத்து, போனின் பூட்டைத் திறந்து, கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்டிபி முறையில் கணினி சேமிப்பகத்தை நேராகத் தொடுவதில்லை. போனிடம் கேட்டு வாங்குகிறது. ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் போன் பதில் சொல்லும். கோப்பு மேலாளர் அதைப் பிடித்து வைத்திருந்தால் மற்ற நிரலுக்குப் பிழையே மிஞ்சும்.

போனில் மெமரி கார்டு இருந்தால், போனை அணைத்து, கார்டைக் கழற்றி ரீடரில் போட்டுப் பார்ப்பதே தெளிவான சோதனை. இங்கே ஒரு பொறி உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவில் வருகின்றன. லினக்ஸ் கெர்னலுக்குள் அதற்கான இயக்கி வந்ததோ 2019-இல், 5.4 பதிப்பில்தான். ஆகவே அதற்கு முந்தைய கெர்னலோடு இருக்கும் பழைய மடிக்கணினி திறக்காத கார்டு நல்ல கார்டாகவும் இருக்கலாம். ஃபார்மட் செய்தால் எல்லாம் போகும்.

2017 நவம்பர் 30-இல் வீசிய ஒக்கி புயலின்போது கடலில் இருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அப்படி ஒருவரின் ஒரே படம் பழைய கார்டு ஒன்றில் இருக்கக்கூடும். டி-மெசேஜில் கார்டின் பெயரோடு ஐ/ஓ எரர் வந்தால் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் கார்டை மேலும் நலிவாக்கலாம். டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு முழுக் கார்டையும் பிரதி எடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பும். பழுதுநீக்கமும், படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் நிரலின் தேடலும் அந்தப் பிரதியில் மட்டும்.

போனின் உள் சேமிப்பகத்துக்கு இந்த வழி உதவாது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் தரவு குறியாக்கத்தில் இருப்பதால், சிப்பைக் கழற்றினாலும் படம் கிடைக்காது. போன் இயங்கும்போதே ஏடிபி என்ற கட்டளைக் கருவி வழியாகக் கோப்புறை கோப்புறையாக இழுத்துக்கொள்ள வேண்டும்.