எங்கள் வீட்டு விமானி அறை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மூலையில அது என்ன, கோழிக்கூண்டா?" என்றுதான். இல்லை. அது விமானி அறை. நானும் என் அண்ணனும் செய்தது.

அண்ணன் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சூலூர் மாமா வீட்டுக்குப் போகும்போது தேஜஸ் போர் விமானங்களைப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. பழைய கம்ப்யூட்டரில் ஃப்ளைட்கியர் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். ஆனால் கீபோர்டில் ஓட்டினால் விமானம் குடிகாரர் மாதிரி ஆடும். கொஞ்சமாய்த் திருப்ப வேண்டுமென்றால் கை கொஞ்சமாய்த் திரும்ப வேண்டும் அல்லவா?

அதற்கு ரேடியோவில் சத்தம் கூட்டுகிற திருகுதான் உயிர்நாடி. பெயர் பொட்டென்ஷியோமீட்டர். மூன்று கால் இருக்கும். ஓரக்கால் இரண்டுக்கும் நடுவே 5 வோல்ட் கொடுத்தால், திருகத் திருக நடுக்காலில் மின்னழுத்தம் 0 முதல் 5 வரை மாறும். ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்னப் பலகை அதை 0 முதல் 1023 வரையிலான எண்ணாக மாற்றும். நாம் புரோகிராம் எழுதிவிட்டால், 'நான் ஒரு ஜாய்ஸ்டிக்' என்று கம்ப்யூட்டரிடம் அதுவே சொல்லிவிடும்.

கைப்பிடி பி.வி.சி. பைப். கால் மிதி, பழைய இரும்புக் கடையில் எடுத்த தையல் மெஷின் பெடல் இரண்டு. விட்டதும் நடுவுக்குத் திரும்ப ஸ்பிரிங் வேண்டுமே? நம்ம ஊரில் எதற்குப் பஞ்சம்! ஜட்டி எலாஸ்டிக்தான். (சிரிக்காதீர்கள், நன்றாக வேலை செய்கிறது.) ஒரே குறை, நிஜ விமானத்தில் வேகம் கூடக்கூடக் காற்று அழுத்தி, கைப்பிடி கனக்கும். எலாஸ்டிக்குக்கு வேகம் தெரியாது.

உங்களுக்குத் தெரியுமா? 1929-இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் செய்த பயிற்சிப் பெட்டியும் இப்படித்தான். அவர் அப்பா ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அந்த ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே பெட்டியைச் சாய்த்தார், திருப்பினார். முதலில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோன ராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகே ராணுவம் வாங்கியது. தன் ஊர்ச் சாமானில் செய்தவர் என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

"ஏஞ்சாமி, இதுல சோறு வேகுமா?" என்பார் அம்மா. அண்ணனுக்குப் பைலட் ஆக ஆசை. பயணிகள் விமானம் ஓட்டும் உரிமத்துக்கு 200 மணி நேரம் நிஜமாகப் பறந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் பறப்பது அதில் ஒரு நிமிஷம்கூடச் சேராது. அது அண்ணனுக்கும் தெரியும். இருந்தாலும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து, பீளமேடு ரன்வேயில் ஒருமுறை இறங்கிவிட்டுத்தான் படுப்பார்.

இப்போது ஆர்டர் குறைந்து, ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது. இந்த வாடகை கட்டாது. மாதக் கடைசியில் ஒற்றை அறை லைன் வீட்டுக்குப் போகிறோம். விமானி அறை நான்கடி அகலம், அந்த வாசலில் நுழையாது. "பிரிச்சு இரும்புக் கடைக்கே போட்டுடலாம்" என்றார் அண்ணன். அன்று ராத்திரி அவர் கம்ப்யூட்டரையே போடவில்லை.

நான் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். ஆய்வகத்தில் ஜன்னலோரம் இடம் தருகிறேன் என்றார். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் குட்டியானை வண்டி சொல்லியிருக்கிறோம். தூக்கிவிட நாலு பேர் வேண்டும். வருகிறவர்களுக்கு அண்ணன் டேக்-ஆஃப் சொல்லித் தருவார்.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு