எல்லை தாண்டும் மாடுகளும் ஞாயிற்றுக்கிழமை மருத்துவர்களும்

கிருஷ்ணகிரி மாவட்டம் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தை ஊரறிந்தது. உள்ளூர்க்காரர்களோடு ஆந்திரா, கர்நாடகா வியாபாரிகளும் வருவார்கள். விற்ற ஆடு, மாடு ராத்திரிக்குள் வேறு மாநிலத்துக் கொட்டகையில் நிற்கும். ஜூஜூவாடியில் லாரியை நிறுத்திச் சோதனை போடலாம். ஆனால் கோமாரி கிருமியை அப்படி நிறுத்த முடியாது.

இந்த வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களின் நிலைமையும் தனி. வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பார். வீட்டில் இரண்டு கலப்பின மாடு இருக்கும். பால் கறப்பது, தீவனம் வைப்பது எல்லாம் வீட்டு அம்மாதான். மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் மாட்டை ஓட்டிப்போக ஆள் இருக்காது. அதனால்தான் கால்நடை மருத்துவர் சங்கத்துக்காரர்கள் விடுமுறை நாளில் ஊர்ப்பக்கம் முகாம் போட்டால் அது பெரிய உதவி.

'சங்கம்னா டாக்டருங்க சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும்தானே, அதில் நமக்கென்ன?' என்று கேட்கிற விவசாயிகள் உண்டு. நியாயமான கேள்விதான். சம்பளக் கோரிக்கை சங்கத்தில் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் இத்தொழிலின் சங்கங்கள் பிறந்த கதை வேறு.

1863-ல் ஜான் கேம்ஜி என்ற கால்நடை மருத்துவர், ஐரோப்பிய நாடுகளின் கால்நடை மருத்துவர்களை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அழைத்தார். அவர்கள் கூடிப் பேசியது, எல்லை தாண்டி விற்கப்படும் மாடுகளோடு நோயும் போகிறதே, அதைத் தடுக்க எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி என்ன என்பதைத்தான். இரண்டே ஆண்டில், 1865-ல், இங்கிலாந்தில் வெக்கை நோய் புகுந்து மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. அந்தக் கூட்டத்தின் வழிவந்ததுதான் இன்றைய உலகக் கால்நடை மருத்துவச் சங்கம். ஏப்ரல் மாதக் கடைசி சனிக்கிழமையை உலகக் கால்நடை மருத்துவ தினமாகக் கொண்டாடுவதும் அச்சங்கத்தின் ஏற்பாடுதான்.

நம்மூரிலும் அப்படித்தான். 1924-ல் சென்னையிலிருந்து பி. சீனிவாச ராவ் 'இந்தியன் வெட்டரினரி ஜர்னல்' என்ற இதழைத் தொடங்கினார். ஒரு மருந்தகத்தில் ஒருவர் கண்டதை ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் இன்னொருவர் படித்துத் தெரிந்துகொள்ள அது வழி செய்தது. எங்கோ ஒரு மாட்டுக்குப் பலித்த வைத்தியம் இன்னொரு ஊர் மாட்டுக்கும் வந்து சேர்ந்தது. வெக்கை நோயிலிருந்து 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகமும் விடுபட்டன. நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் கைகோக்காமல் அது நடந்திருக்காது.

முகாமில் நடப்பது என்ன?

தடுப்பூசியைக் குளிர்ப்பெட்டியில் கெடாமல் கொண்டுவர வேண்டும். மாட்டைப் பிடிக்க வேண்டும், காதுவில்லை எண்ணைக் குறிக்க வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய வேலை பேசுவது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். 'ஊசி போட்டால் பால் குறைஞ்சுடும்' என்கிற பாட்டியிடம் அவர் பாஷையிலேயே உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். ஊசி போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் பால் கொஞ்சம் குறையலாம், பிறகு பழையபடி வந்துவிடும். கோமாரி வந்தால் அந்தக் கறவையே போய்விடலாம். இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பது ஊசி போடுவதைவிடக் கஷ்டம்.

சில விஷயங்களைத் தெரியாமல் விட்டால் மனித உயிருக்கே ஆபத்து. மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு, தண்ணீர் விழுங்க முடியாமல், ஓயாமல் கத்தினால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விட்டுப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறிநோயாக இருக்கலாம். கை விடவே கூடாது. எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சினை மாடு கன்று வீசினால், விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. புரூசெல்லோசிஸ் கிருமி மனிதர்களுக்கும் தொற்றும். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரு முறை அதற்கான தடுப்பூசி போட வேண்டும். கோமாரிக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை. இரண்டும் 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம்.

ஒன்றை மறக்கக் கூடாது. தன்னார்வ முகாம் அரசு மருந்தகத்துக்கு மாற்று ஆகாது. 'சங்கத்துக்காரங்க வந்து பார்த்துக்குவாங்க' என்று காலிப் பணியிடங்களை நிரப்பாமல் விட்டால் நட்டம் விவசாயிக்குத்தான். ராத்திரி கன்று மாட்டிக்கொண்டால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியுமா? மருத்துவர்கள் மனமுவந்து கொடுக்கும் நாளுக்கு நன்றி சொல்வோம். மருந்தகத்துக்கு ஆள் வேண்டும் என்று கிராம சபையில் கேட்பதையும் விடாமல் செய்வோம்.

விவசாயிகள் பக்கமும் வேலை இருக்கிறது. முகாம் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு விடாமல் கட்டி வையுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டை 3 வாரமாவது மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். வாயில் புண், காலில் புண் கண்டால் விற்கப் பார்க்காமல் உடனே தகவல் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். பிடித்துக் கொடுக்க ஊரில் இரண்டு இளைஞர்கள் முன்வந்தால், வந்திருக்கும் மருத்துவர் அன்றைக்கே இன்னும் ஒரு தெருவை முடித்துவிடுவார்.