ஆட்டுத்தோலும் புலித்தோலும்



தமிழ் விவிலியத்தில் ‘கள்ளத் தீர்க்கதரிசி’ என்றொரு சொல் உண்டு. தீர்க்கதரிசி என்பவர் நெடுந்தொலைவைக் காண்பவர். இறைவனின் சார்பில் பேசுபவர். அதற்கு முன் ‘கள்ள’ என்னும் அடை சேரும்போது என்ன பொருள் கிடைக்கிறது? கள்ள நாணயம், கள்ளக் கையொப்பம் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். கள்ள நாணயம் நல்ல நாணயத்தைப் போலவே இருக்கும். இல்லையேல் அது கடையில் செல்லாது. தோற்றத்தைக் கொண்டு கண்டுபிடிக்க இயலாது என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அப்படியாயின் எதைக்கொண்டு கண்டுபிடிப்பது? விவிலியம் தரும் அளவுகோல்களைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். நான் ஆலயத்துக்குச் செல்பவன். ஆயினும், சமயம் எதுவாயினும் பிள்ளை வளர்ப்போர் அனைவர்க்கும் இதில் பயன் உண்டு என்று நம்புகிறேன்.

சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டப்பட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் டோர்செட் சாலையில் கிறிஸ்து ஆலயமும் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் வழிபாடு நடத்தி வருகின்றன. இத்தகைய பழைய சபைகளைத் தவிர, வாடகை அறைகளிலும் வீடுகளிலும் நடைபெறும் சிறு செபக் கூட்டங்களும், வெளிநாட்டிலிருந்து சில நாள்களுக்கு வந்துபோகும் போதகர்களும் உண்டு. அவர்களுள் நல்லவர்கள் பலர். ஆனால் கடன், நோய், வேலை அனுமதி, பிள்ளையின் தேர்வு என்று ஏதோ ஓர் அச்சத்தைச் சுமந்துகொண்டு வரும் எளிய மக்களுக்கு, யார் நல்லவர் என்று எப்படித் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கநிலை 6இல் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். அவர் துப்புரவுப் பணி செய்பவர். செபக் கூட்டம் ஒன்றில் வெளியூர்ப் போதகர் ஒருவர், ஒரு மாதச் சம்பளத்தை ‘விதைக் காணிக்கை’யாகக் கொடுத்தால் மகள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் சிறப்பாகத் தேறுவாள் என்று உரைத்திருக்கிறார்.

“ஐயா, நீங்களும் சர்ச்சுக்குப் போகிறவர். கொடுக்காமல் விட்டால் பிள்ளையின் தேர்வு கெட்டுவிடுமா?” என்று கேட்டார் அவர். அக்கேள்வியில் இருந்த அச்சம் என்னை வருத்தியது.

“அம்மா, விவிலியத்தில் எலிசா தீர்க்கதரிசியின் கதையைப் படித்திருப்பீர்கள்” என்றேன். நாகமானின் தொழுநோய் நீங்கியபோது, அவர் கொடுத்த வெகுமதியை எலிசா ஏற்க மறுத்தார். பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வெள்ளியை வாங்கிக்கொண்ட வேலைக்காரன் கேயாசியின்மீது அத்தொழுநோய் வந்தது. புதிய ஏற்பாட்டிலும், இறைவனின் வரத்தைப் பணம் கொடுத்துப் பெற முனைந்த சீமோனைப் பேதுரு கடுமையாகக் கண்டித்தார். அருளுக்கு விலை வைப்பவரைப் பற்றி விவிலியம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. இவற்றை நினைவூட்டிவிட்டு, அந்தப் போதகரிடம் இரண்டு கேள்விகளை மட்டும் பணிவாகக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன். பணத்துக்கு ரசீது கிடைக்குமா? கணக்கை யார் பார்ப்பார்?

கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று பதில் வந்ததாம். அப்பதிலே அந்தத் தாயாருக்குப் போதுமானதாயிற்று. காணிக்கை கொடுக்கவில்லை. மாணவி தன் உழைப்புக்கேற்ற மதிப்பெண்ணோடு உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றாள்.

இனி, அளவுகோல்களுக்கு வருவோம்.

முதலாவது, சொன்னது நடந்ததா என்பது. இறைவன் பெயரால் ஒருவர் சொன்னது நிறைவேறாவிட்டால் அது இறைவன் சொன்னதன்று, அவருக்கு அஞ்ச வேண்டாம் என்கிறது உபாகமம் 18ஆம் அதிகாரம். அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங், 2011 மே 21 அன்று இறுதித் தீர்ப்பு தொடங்கும் என்று அறிவித்தார். அவரை நம்பிச் சிலர் தம் சேமிப்பையே விளம்பரத்துக்குச் செலவிட்டனர். அந்நாள் வந்து போயிற்று. 1994இலும் அவருடைய கணிப்பு பொய்த்திருந்தது. முதல் தவற்றின்போதே உபாகமத்தைப் புரட்டியிருந்தால் அச்சேமிப்புகள் தப்பியிருக்கும் அல்லவா? அவர் 2012இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்வதே நேர்மை.

இரண்டாவது அளவுகோல் இன்னும் நுட்பமானது. அடையாளமும் அற்புதமும் நிறைவேறினாலும், இறைவனை விட்டு விலகச் சொல்பவருக்குச் செவிகொடுக்கலாகாது என்கிறது உபாகமம் 13ஆம் அதிகாரம். அதாவது, அற்புதம் ஒரு சான்றிதழ் அன்று. கூட்டத்தின் அளவும் அன்று; கேட்போர் கண்ணீர் விட்டார்கள் என்பதும் அன்று.

மூன்றாவது, யாவரும் அறிந்த கனி. ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்களை அவர்களின் கனிகளால் அறியலாம் என்று மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கூறுகிறார். கனி என்ற சொல்லைக் கவனியுங்கள். பூ ஒரு வாரத்தில் மலரலாம். கனிக்குக் காலம் வேண்டும். ஜிம் ஜோன்ஸ் என்பவர் 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒரே சபையில் அமர்த்தினார், ஏழைகளுக்கு உணவளித்தார். அன்று பார்த்தவர்கள் அவரைப் போற்றியதில் வியப்பில்லை. பின்னாளில் அவர் மக்களைக் கயானா நாட்டின் காட்டுக்கு அழைத்துச் சென்று, அவர்களின் கடப்பிதழ்களைப் பறித்துக்கொண்டார். 1978 நவம்பர் 18 அன்று அங்கு 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சுமார் 300 பேர் பிள்ளைகள். மந்தையை அடக்கியாளலாகாது என்று பேதுரு தம் முதல் நிருபத்தில் எழுதியதை அங்கே எவரும் எடுத்துச் சொல்ல இயலாத நிலை உருவாகியிருந்தது.

நான்காவது, பணம். ‘டிடாக்கே’ என்னும் பழைய கிறிஸ்தவ நூல் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அது முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்பர். ஊர் ஊராகச் செல்லும் போதகர் பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று அந்நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. வறியவர்க்காகக் கேட்டால் மட்டும் அவரைக் குறை கூறலாகாது என்று விலக்கும் தருகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுலோ, சபைகள் தேர்ந்தெடுத்த வேறொருவரையும் தம்மோடு அழைத்துச் சென்றார். இறைவன் முன் மட்டுமன்றி மனிதர் முன்பும் முறையாக இருக்க வேண்டும் என்பதே அதற்கு அவர் கொரிந்தியருக்குக் கூறிய காரணம்.

இந்த நான்காவது அளவுகோலின் அருமையை நம் சிங்கப்பூர் பட்டுத் தெரிந்துகொண்டது. சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலயம் 1989இல் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த சபை. அதன் நிறுவனர் கோங் ஹீ, தம் மனைவி சன் ஹோவின் பாடல்கள் வழியாக நற்செய்தி பரப்பும் திட்டத்தை 2002இல் தொடங்கினார். கட்டட நிதியிலிருந்து 24 மில்லியன் வெள்ளி போலிக் கடன் பத்திரங்கள் வழியாக அதற்குத் திருப்பிவிடப்பட்டதாகவும், அதை மறைக்க மேலும் 26 மில்லியன் வெள்ளி பயன்படுத்தப்பட்டதாகவும் நீதிமன்றம் கண்டது. 2015 அக்டோபரில் கோங் ஹீ உள்ளிட்ட ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கோங் ஹீக்கு விதிக்கப்பட்ட எட்டாண்டுச் சிறைத் தண்டனை 2017இல் மேல்முறையீட்டில் மூன்றரை ஆண்டுகளாகக் குறைந்தது. அவர் 2019 ஆகஸ்ட்டில் விடுதலையானார்.

அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று அழைப்பது என் நோக்கமன்று. அவர்கள் அப்பணத்தைத் தம் சொந்த ஆதாயத்துக்காக எடுத்ததாக வழக்கில் நிறுவப்படவில்லை. சபையின் நலனுக்கே செய்வதாக அவர்கள் நம்பியிருக்கலாம் என்பதை நீதிமன்றமும் கருத்தில் கொண்டது. தண்டனையை முடித்தவரை மீண்டும் தண்டிக்க நாம் யார்? என் நெஞ்சில் தைப்பது வேறொன்று. 2003இலேயே சபை உறுப்பினர் ஒருவர் பணம் எப்படிச் செலவாகிறது என்று வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். பின்னர் அவர்தாம் நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அன்று அவருடைய கேள்விக்குக் கணக்கேட்டைத் திறந்து பதில் சொல்லியிருந்தால், ஆறு குடும்பங்களும் ஆயிரக்கணக்கான விசுவாசிகளும் எவ்வளவு துயரிலிருந்து தப்பியிருப்பார்கள்!

ஆகவேதான் ஐந்தாவது அளவுகோலே தலையாயது என்பேன்: கேள்வியை அவர் எப்படி எதிர்கொள்கிறார்? பெரோயா ஊரார் பவுல் சொன்னதைக்கூட அப்படியே ஏற்கவில்லை. நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டுகிறது. பவுல் சினம் கொண்டதாக ஒரு சொல்லும் இல்லை. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி எழுதியவரும் அதே பவுல்தான். மெய்யான தலைவர் சோதனைக்கு அஞ்சமாட்டார்.

நம் தமிழ் மரபில் இதற்கு இடமுண்டா என்று சிலர் கேட்கலாம். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்தியவர்கள் அல்லவா நாம்? ஆனால் அதே மரபில்தான் திருக்குறளின் ‘கூடாவொழுக்கம்’ என்னும் அதிகாரமும் இருக்கிறது. இயேசு ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயைக் காட்டினார். வள்ளுவரோ புலித்தோல் போர்த்திப் பயிரை மேயும் பசுவைக் காட்டுகிறார். முன்னது கொடுமையை மறைக்கும் வேடம். பின்னது மன உறுதியின்மையை மறைக்கும் வேடம். அம்பு நேரானது, யாழோ வளைந்தது; ஆயினும் அவற்றின் செயலைக் கொண்டே நன்மை தீமையை அறிய வேண்டும் என்பது அவர் தரும் மற்றோர் உவமை. கனியைப் பார் என்பதும் செயலைப் பார் என்பதும் ஒன்றே அல்லவா?

பெற்றோர்களே, நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. காணிக்கை கேட்கும் அமைப்பு இங்குப் பதிவு பெற்றதா என்று அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் பார்க்கலாம். ரசீது கேட்கலாம். இன்றே, இப்போதே என்று அவசரப்படுத்தினால் ஒரு வாரம் பொறுக்கலாம். உறவினரிடம் சொல்லாதே, மருந்தை நிறுத்து, பிள்ளையைத் தனியே அனுப்பு என்று எவர் சொன்னாலும் அவ்விடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஆசிரியர்களே, நம் பங்கு வகுப்பறையில் இருக்கிறது. “எப்படித் தெரியும், ஐயா?” என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்போது, நாம் முகம் சுளித்தால் பெரியவர்களைக் கேள்வி கேட்கலாகாது என்பதையே அது கற்றுக்கொள்ளும். நாம் மகிழ்ந்து, சான்று காட்டி, நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால், நேர்மையான பெரியவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அது கண்ணால் காணும். நாளை வேறொருவர் சினந்து வாயடைக்க முற்படும்போது, அவ்வேறுபாடு அதற்கு விளங்கும். பணிவோடு கேள்வி கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இன்றே கொடுத்து வைப்போம்.